ஆற்று மடும்பி: நகரும் நீரில் சேப்பங்கிழங்கு வளர்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணக் கடலோரத்தில் வாழும் நமக்கு மடும்பி என்றதும் கண்முன் வருவது, கோழிமுட்டை அளவில் உருண்டு, மயிர் படர்ந்த தோலோடு டர்பன் விடியற்காலைச் சந்தையில் குவிந்து கிடக்கும் சிறு கிழங்குதான். சுலு மொழியில் அமாடும்பே என்றும், நம் வீடுகளில் மடும்பி என்றும், தமிழ்நாட்டில் சேப்பங்கிழங்கு என்றும் வழங்கும் இந்தப் பயிரில், மேட்டு நிலத்தில் மழையை நம்பி வளர்பவையே பெரும்பான்மை. ஆனால் ஓடைக்கரையிலும் ஈரச் சேற்றிலும் வேரூன்றி, ஒரே பெரிய தாய்க்கிழங்கைத் திரட்டித் தரும் இன்னொரு வகையும் இம்மாகாணத்தில் தலைமுறைகளாகப் பயிராகி வருகிறது. சுலு உழவர்கள் அதற்கு டும்பே லோம்ஃபுலா, அதாவது ஆற்றுக்குரிய டும்பே, என்று பெயரிட்டிருக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் எப்போதும் நசநசவென்று ஈரமாகக் கிடந்து, வேறெந்தக் காய்கறியும் தங்காத ஒரு மூலை உங்களிடம் இருந்தால், அதை மண் கொட்டி மேடாக்குவதற்கு முன் இந்தப் பயிரை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் எங்கள் வேலிக்கு அப்பால் வசித்த முதிய சுலு அம்மையார். அவரைத் தெருவிலிருந்த எல்லோரும் கோகோ, அதாவது பாட்டி, என்றே அழைப்போம். வெருலம் பக்கத்தில் நாங்கள் வீடு வாங்கிய ஆண்டில், பின்புறச் சரிவின் அடியில் தேங்கிய நீரை வடித்துவிட நான் குழாய் புதைக்கத் தொடங்கியபோது, அவர் ஐந்தாறு கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி வேலிக்கு மேலாக நீட்டினார். அவற்றை நட்டேன், முதல் ஆண்டு முழுவதும் பாழாயிற்று. ஏன் பாழாயிற்று என்பதை உணர்ந்த பிறகுதான் இப்பயிரின் அடிப்படை எனக்குப் பிடிபட்டது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீர் இருந்தால் மட்டும் போதாது

சேம்பு ஈரநிலத் தாவரம். ஆனால் தாமரையையும் அல்லியையும் போல ஆழ்ந்த குளத்தில் இலையை மிதக்கவிட்டு வாழ்வதன்று. அதன் இலை காற்றில் உயர்ந்து நிற்கும். காலடி மட்டும் நீரில் இருக்கும். இலைக்காம்பிலிருந்து வேர் வரை அதன் திசுக்களினூடே காற்றுக் கண்ணறைகள் அமைந்திருப்பதால், மேலே இலை உள்ளிழுக்கும் காற்றின் ஒரு பகுதி கீழே மூழ்கியிருக்கும் வேருக்கு இறங்குகிறது. மற்றக் காய்கறிகள் மூச்சுமுட்டி மடியும் சேற்றில் இது தழைப்பதற்குக் காரணம் இதுவே. எனினும் அந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. நீர் அசையாமல் நின்று வெயிலில் சூடேறும்போது, அதில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது, வேர்கள் தளர்கின்றன, தளர்ந்த வேர்களை மண்ணிலுள்ள பித்தியம் என்னும் நுண்ணுயிர் தாக்கிக் கிழங்கையும் அழுகச் செய்கிறது.

என் முதல் பாத்தியில் நிகழ்ந்தது அதுவே. வரப்புக் கட்டி நீரைத் தேக்கி வைத்தேன். வெளியேற வழி வைக்கவில்லை. சனவரி மாத நடுப்பகலில் அந்த நீரில் கைவைத்தால் குளிக்கக் காய்ச்சிய வெந்நீரைப் போலிருந்தது. இலைகள் சிறுத்து மஞ்சளாயின. செடியைப் பிடித்து இழுத்தபோது வேர் ஒட்டாமல் அப்படியே கையோடு வந்தது. கிழங்கின் அடிப்பாதி கூழாகி நாறியது. அப்போது கோகோ வந்து பார்த்து, ஆற்று டும்பே நடக்கும் தண்ணீரைத்தான் குடிக்கும், உட்கார்ந்த தண்ணீரைக் குடிக்காது என்றார். பசிபிக் தீவுகளில் நீர்ப்பாத்தியில் சேம்பு வளர்ப்போரும் இதே விதியைத்தான் கடைப்பிடிக்கிறார்கள்: நீர் குளிர்ந்திருக்க வேண்டும், மெதுவாகவேனும் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஏறக்குறைய 25 பாகை செல்சியசுக்கு மேல் நீர் சூடேறவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியைக் காப்பதற்காகவே செய்யப்படுபவை.

இடமும் மண்ணும்

டர்பனைச் சுற்றியுள்ள கடலோர மேடுகளில் பெரும்பகுதி பெரியா (Berea) எனப்படும் செம்மணல். பார்க்க வளமாகத் தோன்றினாலும் அது நீரைச் சல்லடைபோல் கீழே விட்டுவிடும். ஆகவே முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு முழ ஆழத்தில் குழி தோண்டி, அதை நீரால் நிரப்பி, அந்த நீர் வடிந்த பின் இரண்டாம் முறை நிரப்பி, மறுநாள் காலையில் பாருங்கள். பாதி நீரேனும் எஞ்சியிருந்தால் அந்த இடத்தில் நேரடியாகவே பாத்தி அமைக்கலாம். முற்றிலும் வற்றியிருந்தால் தடித்த குளத்து விரிப்பைப் பரப்ப வேண்டும், அல்லது பின்னர் நான் சொல்லும் தொட்டி முறைக்குப் போக வேண்டும்.

இயற்கையான ஓடையோ சதுப்போ உங்கள் நிலத்தில் இருந்தால், அதற்குள் இறங்கி உழுது நடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். 1983ஆம் ஆண்டின் வேளாண் வளப் பாதுகாப்புச் சட்டம், சதுப்பு நிலத்தையும் வெள்ளம் பரவும் ஓடைக்கரையையும் அதற்கு அப்பால் 10 மீட்டர் வரையுள்ள இடத்தையும் அனுமதியின்றிப் பண்படுத்துவதைத் தடுக்கிறது. ஓடையைத் திருப்புவதும் தடுப்பதும் 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்துக்கு உட்பட்டவை. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சேம்பின் துண்டு ஒன்று நீரில் அடித்துச் செல்லப்பட்டால் கீழே எங்கேனும் ஒதுங்கி வேர்விட்டு, அங்குள்ள இயல்பான புல் பூண்டுகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலும், இந்தக் கரைகளில் வெள்ளம் என்ன செய்யும் என்பதை நம் சமூகம் நன்கறியும். 1917ஆம் ஆண்டு அக்டோபரில் உம்கெனி ஆறு பெருகியபோது அடித்துச் செல்லப்பட்டவற்றுள் ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த நம்மவர் குடியிருப்புகளும் அடங்கும். எனவே ஓடையை ஓடையாகவே விட்டுவிட்டு, மழைநீர் இயல்பாகச் சேரும் வீட்டுச் சரிவின் அடி, கூரைநீர் விழும் இடம், மழைநீர் சேமிக்கும் ஜோஜோ தொட்டி நிரம்பி வழியும் குழாயின் வாய் ஆகிய இடங்களில் பாத்தி அமைப்பதே சரி.

ஆற்றுநீரைக் குழாயால் இழுத்துப் பாத்தியில் விடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனை உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகரின் கழிவுநீர் நிலையங்கள் சேதமடைந்த பிறகு பல ஆறுகளில் கழிவு கலந்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு முன்பிருந்தே இம்மாகாணத்தின் கடலோர ஆறுகளிலும் குட்டைகளிலும் பில்ஹார்சியா நோய் உண்டு. நீரில் வாழும் ஒருவகை நத்தையிலிருந்து வெளிப்படும் நுண்புழு, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது. நம் ஆயாமார் வெறுங்காலோடு வயலில் இறங்கியதைச் சொல்லிச் சிலர் பெருமைப்படுவதுண்டு. நீங்கள் முழங்கால் வரையுள்ள ரப்பர் காலணியும் கையுறையும் இல்லாமல் எந்தச் சேற்றுப் பாத்தியிலும் இறங்காதீர்கள். குழந்தைகளை அதில் விளையாடவும் விடாதீர்கள். நீரில் நின்று வேலை செய்தவருக்குச் சிறுநீரில் இரத்தம் கலந்து வந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவ நிலையத்துக்குச் செல்ல வேண்டும். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

கன்றைத் தேர்தல்

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். நம் ஈரநிலங்களில் தானாக வளரும் வெள்ளை ஆரம் லில்லியும், தோட்டங்களில் அழகுக்காக வைக்கும் யானைக்காது வகைகளும் தொலைவிலிருந்து பார்த்தால் சேம்பைப் போலவே தோன்றும். அவற்றை உண்ணக் கூடாது. சேம்பில் காம்பு இலையின் விளிம்பில் சேராமல், இலையின் பின்புறத்தில் சற்று உள்ளே தள்ளி, குடைக்குக் காம்பு பிடித்ததைப் போலப் பொருந்தியிருக்கும். ஆரம் லில்லியிலோ காம்பு இலையின் அடிப்பிளவிலேயே நேராக முடியும். சேம்பிலையில் நீரைத் தெளித்தால் அது நனைக்காமல் முத்தாக உருண்டோடும். இந்த இரு அடையாளங்களும் சேர்ந்து பொருந்தினாலும், நம்பகமான ஒருவர் உண்டு பழகிய செடியிலிருந்தே கன்று வாங்குங்கள். காட்டில் கண்டதைப் பிடுங்கி வந்து நடுவது ஆபத்தான சோம்பல்.

சந்தையில் விற்கும் சிறு மடும்பியையும் முளைக்க வைத்து நடலாம். ஆனால் டும்பே-டும்பே, ம்கிங்கெனி, பிட்ஷி ஆகிய அவ்வகைகள் தாய்க்கிழங்கைச் சுற்றிப் பல பிள்ளைக்கிழங்குகளைத் தருபவை; மேட்டு நிலத்துக்கே ஏற்றவை. இடையறாத நீரில் அவை எனக்குச் சரிவர வந்ததில்லை. நீர்ப்பாத்திக்கு ஆற்று வகையையே தேடுங்கள். கடைகளில் அது அரிது. உம்பும்புலு போன்ற மடும்பி விளையும் பகுதிகளிலும், ஊர்ப்புறத்துச் சாலையோரத்தில் விற்கும் பெண்களிடமும் கேட்டால் கிடைக்கலாம். லோம்ஃபுலா என்ற சொல்லைச் சொல்லிக் கேட்பது உதவும்.

நடுவதற்குச் சிறந்தது கிழங்கு அன்று, கிழங்கின் தலைப்பகுதி. அறுவடை செய்த செடியில் கிழங்கின் மேல்நுனியை ஒரு விரற்கடைக்கும் குறைவான தடிப்பில் அறுத்து, அதனோடு ஒட்டிய இலைக்காம்புகளை ஒரு சாண் நீளத்துக்கு விட்டு, இலைப்பரப்பை மட்டும் வெட்டி எறிந்துவிட்டால் அதுவே நடவுக்கன்று. வெட்டுவாய் உலர்ந்து ஆறுவதற்காக இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்த பிறகு நடுங்கள். ஈரம் காயாத வெட்டோடு சேற்றில் ஊன்றினால் அழுகல் அந்த வழியாகவே நுழையும். தாய்ச்செடியின் பக்கத்தில் முளைக்கும் கன்றுகளையும் இவ்வாறே பயன்படுத்தலாம். வெட்டும்போது கிழங்கின் சதையில் செம்பழுப்புக் கறையோ துர்நாற்றமோ சிறிதளவு தென்பட்டாலும் அந்தக் கன்றைத் தள்ளிவிட வேண்டும்.

பாத்தி அமைத்தல்

நம் பாத்தி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் இருந்தால் பதினைந்து செடிகள் வரை வைக்கலாம். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். மேல்மண்ணை ஒதுக்கி, அடிமண்ணை நனைத்து, நன்றாக மிதித்துக் குழைத்து இறுக்குங்கள். நெல்வயலில் சேறடிப்பதைப் போன்றதே இந்த வேலை. மிதிக்க மிதிக்கக் களிமண் துகள்கள் நெருங்கி நீர் கசிவது குறையும். அதன் மேல் ஒதுக்கிய மண்ணை நன்கு மக்கிய தொழுவுரத்தோடு கலந்து ஒரு முழ ஆழத்துக்குப் பரப்புங்கள். மக்காத சாணமோ பச்சைத் தழையோ இட்டால், அது நீருக்கடியில் புளித்து, இருக்கும் உயிர்வளியையும் தின்றுவிடும். பச்சைத் தழை இடுவதாயின் நடவுக்கு ஒரு மாதமேனும் முன்பாகப் புதைத்து மக்கவிட வேண்டும்.

சுற்றிலும் ஒரு சாண் உயரத்தில் வரப்புக் கட்டுங்கள். நீர் நுழையும் மடையை ஒரு மூலையிலும், வெளியேறும் மடையை அதற்கு நேர் எதிர் மூலையிலும் வையுங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் நீர் குறுக்கு வழியில் ஓடி, மற்றப் பகுதி தேங்கிக் கிடக்கும். வெளிமடையில் ஒரு குழாய்த் துண்டைப் பொருத்தி, அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் நீர்மட்டத்தை மாற்றும்படி செய்துகொண்டால் வேலை எளிது. வெளியேறும் நீரை வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ போகவிடுங்கள். எங்கள் வீட்டு வாழை இந்த நீரால்தான் குலை தள்ளுகிறது.

ஓடும் நீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நாள் முழுவதும் குழாய் திறந்திருக்க வேண்டியதில்லை. நகராட்சி நீரை அவ்வாறு வீணாக்குவது தவறுங்கூட. கோடை மழைக்காலத்தில் கூரைநீரே போதும். மழை இல்லாத நாட்களில் ஜோஜோ தொட்டியின் குழாயை நூல்போல் கசியவிட்டு, மாலையில் சில வாளி நீரை ஒரே வீச்சில் மேல்மடையில் ஊற்றிப் பழைய நீரை வெளியே தள்ளுகிறேன். துணி துவைத்த சவர்க்கார நீர் இதற்கு ஆகாது.

இடமே இல்லாதவர்கள், சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இருப்பவர்கள், ஒரு பழைய குளியல் தொட்டியிலோ நீளவாக்கில் பிளந்த நெகிழிப் பீப்பாயிலோ மூன்று நான்கு செடிகள் வளர்க்கலாம். எண்ணெயோ வேதிப்பொருளோ அடைத்திருந்த பீப்பாய் வேண்டாம். மண்மட்டத்துக்கு நான்கு விரல் மேலே வழிந்தோடும் துளை இட்டு, நாள்தோறும் தொட்டி நீரில் கால் பங்கேனும் மாறும்படி மேலிருந்து ஊற்றிவாருங்கள். கொசு முட்டையிட்டுப் பெருகுவதையும் இது குறைக்கும். கறுப்பு நிறத் தொட்டி வெயிலில் அளவுக்கு மீறிச் சூடேறும். அதன் வெளிப்புறத்தில் வெள்ளைச் சாயம் பூசுவதோ, மேற்குப் பக்கம் சாக்குத் திரை கட்டுவதோ நல்ல பலன் தரும்.

நடவும் வளர்ப்பும்

நம் வீடுகளில் புரட்டாசி விரதம் தொடங்கும் காலமே நடவுக்கு ஏற்ற காலம். செப்டம்பர் இறுதிக்குள் குளிர் முற்றிலும் விலகி, மழை தொடங்கியிருக்கும். கடலோரத்தில் உறைபனி இல்லாததால் சற்று முன்னதாகவும் நடலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைப் போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் கடைசிப் பனி போகும்வரை பொறுக்க வேண்டும், ஏனெனில் ஒரே இரவுப் பனி இலைகளைக் கருக்கிவிடும்.

கன்றுக்குக் கன்று இரண்டடி இடைவெளி விட்டு, கிழங்குத் துண்டு நான்கு விரல் ஆழத்தில் அமையும்படி ஊன்றுங்கள். நட்ட முதல் இரண்டு வாரங்கள் சேறு குழைவாக இருந்தால் போதும். நீர் நிற்க வேண்டாம். புது இலை ஒன்று சுருள் விரித்ததும் இரண்டு விரல் அளவு நீர் நிறுத்தி, செடி வளர வளர நான்கு விரல் வரை உயர்த்தலாம். அதற்கு மேல் ஆழம் கூடினால் கிழங்கு திரளாமல் காம்புகளே நீளும்.

முதல் மூன்று மாதம் களையெடுப்பில் சோர்வு கூடாது. இலைகள் விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்து நிழல் கட்டிய பிறகு களை தானே அடங்கும். அந்த நிழல் நீரையும் குளிர்விக்கும். தமிழ்நாட்டு நெல்வயல்களில் அசோலா என்னும் மிதக்கும் நீர்ச்செடியை விடுவதைப் படித்துவிட்டு இங்கேயும் விடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இந்நாட்டில் அசோலாவின் ஒரு வகையும் ஆகாயத்தாமரையும், அகற்றியே தீர வேண்டிய அயல் தாவரங்களாகச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டுள்ளன. எனவே அவற்றைக் கொண்டுவர வேண்டாம்.

உரம் இடுவதில் காலமே முதன்மையானது. செடி முதல் ஐந்து மாதம் இலையை வளர்த்து, பிறகு இலையைச் சுருக்கிக்கொண்டு கிழங்கைத் திரட்டுகிறது. ஆகவே நட்ட ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் மாதங்களில் நீரை வடித்து, செடிக்கு இரண்டு கை மக்கிய எருவும் ஒரு கை அடுப்புச் சாம்பலும் வேரடியில் புதைத்து, இரண்டு நாள் கழித்து மீண்டும் நீர் விடுகிறேன். பிப்ரவரிக்குப் பின் உரம் இடுவதில்லை. அப்போது இட்டால் செடி மறுபடியும் இலைவிடத் தொடங்கிக் கிழங்கின் மாவுச்சத்தைக் குறைத்துவிடும். பக்கக்கன்றுகள் நிறைய முளைத்தால் செடிக்கு இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளிய இளங்காம்பும் சமையலுக்கு ஆகும்.

இலைகளில் கொம்புப் புழு என்று நாம் சொல்லும், பின்புறத்தில் ஒற்றைக் கொம்புடைய பெரிய கம்பளியற்ற புழு வரும். ஒரே இரவில் முழு இலையையும் தின்றுவிடக்கூடியது என்றாலும், கையால் பொறுக்கி எடுப்பதே போதுமானது. அசுவினி அடர்ந்தால் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவலாம். நீரில் நிற்கும் பயிருக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நான் ஏற்கவே மாட்டேன். அடித்தது அப்படியே நீரோடு இறங்கித் தவளைக்கும் தட்டானுக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் போகும். இலையில் நீர் ஊறியது போன்ற வட்டப் புள்ளிகள் தோன்றி விரைவாகப் பரவிக் கருகினால் உடனே அவ்விலைகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். 1993ஆம் ஆண்டில் சமோவா தீவுகளில் சேம்புப் பயிரையே அழித்த இலைக்கருகல் நோய் இத்தகைய புள்ளிகளோடுதான் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் ஆசையாகக் கன்றுகளைப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவருவதை நாம் கண்டிக்க வேண்டியதும் இதனால்தான்.

அழுகல் தொடங்கியதற்கு அறிகுறி, நடுப்பகலில் நீர் இருந்தும் இலை துவள்வது. அப்போது நீரை முழுவதும் வடித்து, பாத்தி வெடிக்கும் அளவுக்குக் காயாமல் ஒரு வாரம் ஈரமாக மட்டும் வைத்து, பிறகு குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகப் பாயவிடுங்கள். பாதிச் செடிகளையேனும் இவ்வாறு மீட்கலாம்.

அறுவடை

நட்ட ஒன்பது அல்லது பத்து மாதத்தில், மாரியம்மன் கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றும் காலத்தை ஒட்டி, இலைகள் சிறுத்து, மூன்று நான்கே எஞ்சி, கிழங்கின் தோள் மண்ணுக்கு மேல் எட்டிப் பார்க்கும். நீரை வடித்து ஒரு வாரம் ஆறவிட்டு, செடியைச் சுற்றி மண்வெட்டியால் வேரை அறுத்து, காம்பைப் பிடித்து அசைத்து எடுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் கிழங்கு முறியும்.

இந்தக் கிழங்கு நெடுநாள் தாங்காது. சந்தையில் விற்கும் சிறு மடும்பி வாரக்கணக்கில் கூடையில் கிடக்கும். ஆற்று வகையோ எடுத்த பத்து நாளுக்குள் உள்ளே கெடத் தொடங்கிவிடும். ஆகவே கழுவாமல், மண்ணோடு நிழலில் வைத்து, தேவைக்கேற்ப இரண்டு மூன்று செடிகளாக எடுங்கள். ஆனால் மாதக்கணக்கில் நீரிலேயே விட்டுவைக்கவும் கூடாது. முதிர்ச்சி கடந்த கிழங்கு மாவுத்தன்மை இழந்து, நீர் கோத்து, வெந்தாலும் சவசவவென்றிருக்கும்.

தலைக்கன்றுகளை அறுத்து எடுத்ததும், ஆடியில் நடவு செய்ய இயலாது என்பதால், வீட்டு நிழலில் ஈரமண் பரப்பிய சிறு நாற்றங்காலில் நெருக்கமாக ஊன்றி வையுங்கள். புரட்டாசி வரும்வரை அவை உயிரோடு காத்திருக்கும். அந்த இரண்டு மாதமும் பாத்தியை நீரின்றிக் காயவிட்டு, சணப்பு போன்ற பசுந்தாள் விதைத்து மடக்கினால், முன்னாண்டு அழுகல் நுண்ணுயிர் பெருமளவு குறையும்.

அரிப்பு நீக்கிச் சமைத்தல்

சேம்பின் எல்லாப் பகுதிகளிலும் ஊசி வடிவில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. பச்சையாகக் கடித்தால் அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்தி எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கும். எனவே கிழங்கையோ இலையையோ காம்பையோ எக்காரணம் கொண்டும் பச்சையாக உண்ணக் கூடாது. தோல் சீவும்போது கையும் கிழங்கும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் அரிப்பு மிகும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வது எங்கள் ஆயா காட்டிய வழி. அதைவிட எளிதானது, தோலோடு வேகவைத்துப் பிறகு உரிப்பது.

ஆற்றுக் கிழங்கு பெரிதாகையால் கழுவி நான்காகப் பிளந்து, உப்பிட்ட நீர் மூழ்கும்படி ஊற்றி, முக்கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். கத்தி தடையின்றி நடுவரை இறங்கினால் வெந்தது என்று பொருள். இறங்கவில்லையென்றால் இன்னும் வேகட்டும். அரைவேக்காட்டில் இறக்குவதே தொண்டைக் கரகரப்புக்குக் காரணம். வேகவைத்த நீரைக் கொட்டிவிடுங்கள். கோகோ இதை வெறும் உப்போடு காலைத் தேநீருக்குத் துணையாக உண்பார். மடும்பியை உண்ண அதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. எங்கள் வீட்டில் வெந்த துண்டுகளை எண்ணெயில் முறுகவிட்டு, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்த புளிக்குழம்பில் கடைசிப் பத்து நிமிடம் போடுகிறோம். புளி இந்தக் கிழங்குக்கு வெறும் சுவைக்காக மட்டும் சேர்ந்ததன்று. நாவில் எஞ்சும் சிறு உறுத்தலையும் அது அடக்குவதைப் பலமுறை உணர்ந்திருக்கிறேன்.

இலையைப் பூரி பாத்தா என்னும் இலைச்சுருள் பலகாரத்துக்குப் பயன்படுத்துவோர், முழுதும் விரிந்து முற்றாத நடுத்தர இலைகளைப் பறித்து, பின்புற நரம்பைச் சீவி, புளி கலந்த கடலைமாவைத் தடவிச் சுருட்டி, ஆவியில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைத்த பிறகே நறுக்கிப் பொரிக்க வேண்டும். ஒரு செடியில் ஒரு மாதத்துக்கு இரண்டு இலைக்கு மேல் பறித்தால் கிழங்கு சிறுக்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இலையைத் தவிர்ப்பதும், கிழங்கின் அளவு குறித்து மருத்துவரிடம் கேட்பதும் நலம்.

கடந்த ஆடியில் எங்கள் பாத்தியில் எடுத்த பெரிய கிழங்கு இரண்டு கைக்கும் அடங்காமல் இருந்தது. அதன் தலைக்கன்றையும், அதோடு இன்னும் நான்கையும் ஈரச் சாக்கில் சுற்றி, சரிவின் அடியில் நீர் தேங்குகிறது என்று வருந்திக்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். அவரிடம் முதலில் சொன்னது வெளிமடையை எங்கே வைப்பது என்பதைத்தான்.